சொல்லாமல் விட்ட ஒரு சாமான்

எங்கள் எதிர்வீட்டு அன்ரி எதையுமே ஒளிக்காதவர் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். தலைமுடி கொட்டுகிறது என்று போய் நின்றால், கதவைத் திறந்த கையோடு நாடியைப் பிடித்து உங்கள் முகத்தை வெளிச்சப் பக்கம் திருப்புவார். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். குசினிக்குள் இருத்தி, எண்ணெய்க்கு என்னென்ன போட வேண்டும், எது முதலில், எது இறக்கும் நேரத்தில் என்று வாய் ஓயாமல் சொல்லுவார். வெந்தயம், கறிவேப்பிலை, செவ்வரத்தை இலை, கரிசலாங்கண்ணித் தூள். நீங்களும் வீட்டுக்கு வந்து அதேபோலக் காய்ச்சுவீர்கள். நிறம் வரும், மணமும் வரும், முடி மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். ஏனென்றால் ஒரு சாமானை அவர் சொல்லியிருக்க மாட்டார்.

இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. எனக்குக் கோபம் கெதியில் வரும், புத்தி கொஞ்சம் சுணங்கித்தான் வரும்.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் இருவர் வீடும் ஒரே மாடியில் எதிரும் புதிருமாக இருந்தன. அன்ரிக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவில் வேலை செய்து, தோள்மூட்டுப் போய், வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். ஆனால் வீட்டில் தனியாக இருந்தார் என்று சொல்ல முடியாது. சனி ஞாயிறுகளில் அந்தக் கதவுக்கு முன்னால் கிடக்கும் சப்பாத்துகளைப் பார்த்தால் உள்ளே பூசை நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். முகப்பருவுக்கு ஒரு பெண், பொடுகுக்கு ஒரு பெண், குளிரில் வெடித்த கைக்கு ஒரு பெண், ஒன்றுமில்லாமல் சும்மா கதைக்க இரண்டு பெண்கள். ஒருவரிடமும் அவர் காசு வாங்கியதில்லை. கொடுத்தால் கோபம் வரும்.

எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தபிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அன்ரி என் கண் முன்னாலேயே எண்ணெய் காய்ச்சினார். நான் அடுப்பை விட்டு அசையாமல் நின்றேன். இறக்குகிற நேரம் பார்த்து, "பிள்ளை, என்ர பல்கனியில சீலை காயுது, மழை தூறுதோ எண்டு ஒருக்காப் பார்" என்றார். போய்ப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. திரும்பி வந்தபோது சட்டி மூடியிருந்தது.

"என்ன அன்ரி போட்டனீங்கள்?"

"எல்லாம் சொன்னனானெல்லே."

"நான் அங்கால போனாப்பிறகு என்ன போட்டனீங்கள்?"

"மூடி," என்றார்.

இதில் பெரிய கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், அவர் சொன்ன பொருள்கள் எல்லாம் உண்மையானவை. ஒளிப்பு மறைப்பே இல்லாததுபோல நம்மை நடுவில் இருத்திவிட்டு, ஒன்றை மட்டும் கைக்குள் பொத்திக்கொள்வார். வசந்த காலத்தில் இறப்பர்க் கையுறை போட்டுக்கொண்டு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காட்டுக்குள் போய்க் தொட்டால் கடிக்கிற காஞ்சோண்டிச் செடியின் கொழுந்து பிடுங்குவார். அங்கே அதே வேலையாக ஒரு நோர்வேஜியக் கிழவியும் வருவார். அவரும் அதை அவித்த தண்ணீரில்தான் தலை கழுவுகிறவராம். இரண்டு பேருக்கும் பொதுவான பாஷை ஒன்றும் இல்லை. தலையைத் தொட்டுக் காட்டி, இலையைக் காட்டி, சிரித்து, அப்படியே சிநேகிதமானார்கள். அந்தக் கிழவியிடமிருந்துகூட அன்ரி கற்றுக்கொண்டு வந்தார், தன்னுடையதைச் சொல்லவில்லை. இதை அவரே பெருமையாகச் சொன்னார்.

எல்லோருமே என்னைப்போல விட்டுக்கொடுத்துப் போகவில்லை. ஸ்டோவ்னரிலிருந்து ஒரு தமிழ்நாட்டுப் பெண் வருவாள். ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை, மரியாதையான பிள்ளை. முகத்துக்கான பூச்சை ஒரு கிண்ணத்தில் போட்டு அன்ரி நீட்டியபோது அவள் வாங்காமல் கேட்டாள்.

"ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல என்னென்ன இருக்குன்னு முழுசா தெரியாம எப்படி மூஞ்சில போடறது? யாருக்காவது ஒத்துக்கலன்னா?"

"பயறு, கஸ்தூரி மஞ்சள், ரோசாப்பூ. எல்லாம் மரஞ்செடியில இருந்து வாறது. அது என்ன செய்யும்?"

"எருக்கும் செடிதானே ஆன்ட்டி?"

அன்ரி கிண்ணத்தைத் திரும்ப எடுத்து மூடினார். "அப்ப போடாதேங்கோ," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் அந்தப் பெண் பிறகு வரவில்லை. அவள் கேட்டதில் என்ன பிழை என்று எனக்கு அன்றைக்கே ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. அதை நான் வளர விடவில்லை, ஏனென்றால் என் முடி அப்போது நன்றாக வளர்ந்துகொண்டிருந்தது.

பிறகுதான் என் தங்கச்சியின் கல்யாணம் வந்தது.

அம்மா போனபிறகு தங்கச்சி என்னோடுதான் இருந்தாள். மாப்பிள்ளை ஸ்டோவ்னர்ப் பெடியன். பேசிச் செய்த கல்யாணம்தான், ஆனால் பேசத் தொடங்கிய பிறகு இருவருக்கும் மெத்தப் பிடித்துப்போய், ஃபோனும் கையுமாகத் திரிந்தார்கள். ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். ஒரு கிழமைக்கு முன்னமே பூசத் தொடங்கினால்தான் முகம் தெளியும் என்று அன்ரி முந்தின ஞாயிறு காலையே கிண்ணத்தோடு வந்துவிட்டார்.

வழக்கமாக இந்தப் பூச்சைக் குளியலறையில் வைத்துப் போட்டு, காய்ந்ததும் அங்கேயே கழுவிவிடுவார்கள். அன்றைக்கு வீடு முழுக்கச் சாமான். வெளியே நல்ல வெயில். "பல்கனியில இருத்துவம், கெதியாக் காயும்" என்றார் அன்ரி.

நான் சொன்னேன். உண்மையாகவே சொன்னேன். "பூசிப்போட்டு வெயிலுக்க இருக்கக் கூடாதெண்டு அம்மா சொல்லுறவ அன்ரி."

"அது அங்கத்தை வெயில், பிள்ளை. மண்டை பிளக்கும். இது வெயிலே? வெறும் வெளிச்சம். கையை நீட்டிப் பார், சுடுதோ?"

நீட்டிப் பார்த்தேன். சுடவில்லை. குளிர்காற்று வீசியது. தங்கச்சி தோளில் சால்வையைப் போர்த்திக்கொண்டுதான் இருந்தாள். ஒஸ்லோவில் இத்தனை வருடம் இருந்தும் நாங்கள் வெயிலைச் சூட்டை வைத்துத்தான் அளக்கிறோம். சுடாவிட்டால் அது வெயில் இல்லை. அன்ரி தங்கச்சியின் நெற்றியிலும் கன்னங்களிலும் கழுத்திலும் நாலு விரலாலும் இழுத்து இழுத்துப் பூசினார். அவள் மத்தியான வெயிலில் கண்ணை மூடி மணித்தியாலக் கணக்கில் இருந்தாள். இடையில் மாப்பிள்ளை ஃபோன் எடுத்தான். அவள் வாயை அசைக்காமல் கதைத்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

திங்கள் மாலை முகம் எரிகிறது என்றாள். செவ்வாய் காலை அவள் அறையிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

நெற்றி சிவந்து வீங்கியிருந்தது. ஒரு கண் பாதிதான் திறந்தது. கன்னம் இரண்டிலும் கொப்புளங்கள், அதுவும் கண்டபடிக்கு அல்ல, விரல் விரலாக. பூச்சு வழிந்த இடத்தில் கழுத்தில் ஒரு கோடு. யாரோ கொதிநீரில் கை நனைத்து அறைந்த மாதிரி அன்ரியின் விரல்கள் அவள் முகத்தில் பதிந்திருந்தன. தங்கச்சி அழவில்லை. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் இது போகுமோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனேன். டொக்டர் இளம் மனிதர், நிதானமாகப் பார்த்தார். சில செடிகளின் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் இப்படி எரிந்துபோகும், இது அதுவாக இருக்கலாம் என்றார். ஆனால் வேறு காரணமும் இருக்கலாம். பூசியதில் என்னென்ன இருந்தது? தோலை வெளிற வைக்கிற கிரீம் ஏதாவது கலந்திருந்தால் இரத்தமும் பார்க்க வேண்டும். எனக்கு முழுதும் தெரிய வேண்டும் என்றார்.

வெளியே போய் நின்று அன்ரிக்கு ஃபோன் எடுத்தேன்.

"பயறு, கஸ்தூரி மஞ்சள், ரோசாப்பூ, கொஞ்சம் தயிர்," என்றார்.

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

"அன்ரி, இது விளையாட்டில்லை. அவளின்ர கண் வீங்கியிருக்கு. வேற என்ன?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "வேற ஒண்டுமில்லை, பிள்ளை," என்றார். அவர் பொய் சொல்கிறார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாழ்க்கையில் ஒருவரை அவ்வளவு வெறுத்தது அந்த நிமிடத்தில்தான்.

உள்ளே போய் டொக்டரிடம் அந்த நாலையும் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. மருந்து தந்தார், இரத்தம் எடுத்தார், வெளிச்சத்தில் போக வேண்டாம் என்றார். "செடிச் சாறாக இருக்கலாம்" என்பதற்கு மேலே ஒரு சொல்லும் அவரால் சொல்ல முடியவில்லை.

கல்யாண வீட்டில் இப்படியொரு விஷயத்தை மூடி வைக்க முடியுமா? புதன் காலை மாப்பிள்ளையின் தாய் தன் தங்கையோடு வந்து இறங்கினார். நல்ல மனிசிதான், ஆனால் கண்ணால் கண்டதைத்தான் நம்புவார். தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அவருடைய கை தானாக வாய்க்குப் போனது. பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டார்.

"பிள்ளை, ஒளிக்காமச் சொல்லும்," என்றார் என்னைப் பார்த்து. "இவவுக்கு இது முந்தியே இருந்த தோல் வருத்தமோ?"

"இல்லை மாமி. பூச்சால வந்தது. டொக்டரும் சொன்னவர்."

"இருக்கலாம் எண்டுதானே சொன்னவர். பயத்தம் மாவாலயும் மஞ்சளாலயும் ஆருக்கு இப்பிடி வந்தது? தோல் வருத்தத்தை மறைச்சுச் செய்து வைச்சால் நாளைக்குப் பிறக்கிற பிள்ளையளுக்கும் வரும். எனக்கு ஒரே பெடியன்."

தங்கச்சி எழுந்து அறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் மாப்பிள்ளையோடு ஃபோனில் கதைப்பது கேட்டது. அவன் நல்லவன்தான், தாயின் சொல்லைத் தாண்டத் தெரியாத நல்லவன். "அம்மா முதல் சமாதானமாகட்டும்" என்று அவன் சொன்னதாகப் பிறகு சொன்னாள்.

எங்கள் கதவு திறந்தபடிதான் இருந்தது. எதிர்வீட்டிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அன்ரி நின்றிருக்கிறார். மெதுவாக உள்ளே வந்தார். மாப்பிள்ளையின் தாய் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களே பூசினது? அப்ப நீங்களே சொல்லுங்கோ. என்ன போட்டனீங்கள்?"

எத்தனையோ பெண்கள் எத்தனையோ விதமாகக் கேட்டு வாங்க முடியாத பதில் அது. குங்குமப்பூ என்று சிலர் சொல்லுவார்கள். வன்னியிலிருந்து யாரோ அனுப்புகிற வேர் என்று சிலர். அன்ரி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"தேசிக்காய்த் தோல்," என்றார்.

எலுமிச்சையைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம். பிழிந்துவிட்டு எறிகிற தோலைத்தான் அவர் சொன்னார்.

"பச்சைத் தோலைத் துருவிப் பிழிஞ்சு விடுறனான். உதுதான் நான் ஒருத்தருக்கும் சொல்லாதது. இவ்வளவு நாளும் அறைக்குள்ள வைச்சுப் பூசினதாலயாக்கும், ஒருத்தருக்கும் ஒண்டும் வரேல்லை. பல்கனியில இருத்தினது நான். பிள்ளையில ஒரு பிழையும் இல்லை."

மாப்பிள்ளையின் தாயின் தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

"தேசிக்காயோ? நானும்தான் நெடுகத் தலையில தேய்ச்சு முழுகிறனான். எனக்கு வந்ததே? பெட்டையைக் காப்பாத்த நீங்கள் பழியை ஏக்கிறியள் போல. பெரிய மனசு. ஆனா எனக்குக் காது குத்தாதேங்கோ." அவர் எழும்பினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கிறன். பிறகு மண்டபத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுவம்."

அவர்கள் போனபிறகு நான் அன்ரியை ஏசினேன். நேற்றே சொல்லியிருந்தால் டொக்டர் வாயால் வந்திருக்குமே, இப்போது யார் நம்புவார்கள் என்று கத்தினேன். இன்னும் கூடாத சொற்களும் வந்தன. அவர் தன் வீட்டுக்குப் போனார். அவர் போன பிறகுதான் டொக்டரின் இடத்துக்கு ஃபோன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். சரி, பதிந்துகொள்கிறோம், இப்போது அது பொருந்துகிறது என்றார்கள். பொருந்துகிறது என்ற சொல்லை வைத்துக்கொண்டு அந்தத் தாயிடம் என்ன செய்வது?

கொஞ்ச நேரத்தில் எனக்குப் பொறுக்காமல் எதிர்வீட்டுக்குப் போனேன். குசினியில் தேசிக்காய் மணந்தது. அன்ரி பல்கனியில் கதிரை போட்டு இருந்தார். முகம் முழுக்க அதே மஞ்சள் பூச்சு.

"என்ன செய்யிறியள்?"

"பாத்தாத்தானே அவ நம்புவா. பாக்கட்டும்."

"உங்களுக்கு விசரோ? கழுவுங்கோ. கையில போட்டாலும் போதுந்தானே?"

"கையில வந்தா எண்ணெய் தெறிச்சதெண்டுவா. முகத்தில வந்தா ஒண்டும் சொல்லேலாது." பிறகு வானத்தைப் பார்த்தார். "வெயிலைத்தான் காணேல்லை."

அதுதான் நடந்தது. ஞாயிறு முழுக்க எரித்த சூரியன் அன்றைக்கு மேகத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. ஒஸ்லோ வானம் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அவரை எழுப்பிக் கழுவ வைத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் நானும் ஒரு கதிரையை எடுத்துப் போட்டு, நிழலில் இருந்தேன். உள்ளே தங்கச்சி திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்திருந்தாள். எனக்கு வெயில் வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் அவர் வடக்கே மீன் தொழிற்சாலையில் இருந்த காலத்தைச் சொன்னார். வந்த புதிதில் அங்கேதான் வேலை. ஐஸ் தண்ணீரில் எல்லாப் பெண்களுக்கும் கை வெடித்து இரத்தம் வடியும். இவர் தேங்காயெண்ணெயில் ஏதோ காய்ச்சிக் கொடுக்க, கை ஆறிற்று. மாலையானால் அவருடைய அறையில் இடம் இருக்காதாம்.

"கேட்டவைக்கு எல்லாம் முழுசாச் சொன்னன். பிறகு அவையவை தங்கட அறையில காய்ச்சத் தொடங்கிச்சினம். நல்லதுதானே, கை ஆறினாச் சரி. ஆனா அந்தக் குளிர் மாரி முழுக்க என்ர கதவை ஒருத்தரும் தட்டேல்லை. அங்க சூரியனும் இல்லை, தெரியுமோ உமக்கு?" பூச்சு காய்ந்து இறுகியதால் உதட்டை அசைக்காமல் கதைத்தார். "அப்ப நினைச்சன், இனி ஒண்டைக் கையில வைச்சிருக்க வேணுமெண்டு."

எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் போகவில்லை.

மூன்று மணியளவில் மேகம் விலகியது. அந்தப் பல்கனி மேற்குப் பார்த்தது, பின்னேர வெயில் நேராக விழும். அன்ரி முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார். காய்ந்ததும் போய் மறுபடி பூசிக்கொண்டு வந்தார். குளிர்கிறது என்று காலில் போர்வை போட்டுக்கொண்டார். நான் தடுக்கவில்லை.

வியாழன் காலை ஓடிப்போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முகம் முன்னையைவிடத் தெளிவாக இருந்தது.

"கிழட்டுத் தோல், சுணங்கும்," என்றார். ஆனால் அவருக்கும் பயம் என்று தெரிந்தது. கையால் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். வராவிட்டால் என்ன? பின்னேர வெயில் போதாது என்றால்? அவர் சொன்னது பொய்யென்று ஆகும். தங்கச்சிக்கு முந்தியே தோல் நோய் என்று ஆகும். ஸ்டோவ்னரிலிருந்து ஒஸ்லோவின் மறுகோடியில் இருக்கும் பியோர்ண்டால் வரைக்கும் அந்தக் கதை போய்ச் சேர ஒரு நாள் போதும், அதற்குப் பிறகு இந்த நாட்டில் யார் அவளைக் கல்யாணம் செய்வார்கள்? அன்று மத்தியானம் அவர் மறுபடி பூசிக்கொண்டு வெயிலில் போய் இருந்தார். நான் வீட்டுக்கு வந்து சாமிப் படத்துக்கு முன்னால் நின்றேன். ஒரு வயதான மனிசியின் முகம் பொங்க வேண்டும் என்று கும்பிட்டேன். அப்படியொரு கும்பிடு அதற்கு முன்னும் பின்னும் நான் கும்பிட்டதில்லை.

வெள்ளி விடியக் கதவு மணி அடித்தது. அன்ரி நின்றார். நெற்றி வீங்கி, கன்னத்தில் கொப்புளம் கொப்புளமாக, ஒரு கண் சுருங்கியிருந்தது. "வந்திட்டுது, பிள்ளை," என்றார். அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. எனக்குச் சந்தோஷம் வந்தது. உடனே அவர் முகத்தைப் பார்க்காமல் குடையைத் தேடப் போனேன்.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வாடகைக் கார் வரட்டும் என்றேன், காத்திருக்க மாட்டேன் என்றார். அவருக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ரயிலில் எல்லோரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். ஒரு நோர்வேஜியப் பெண் மட்டும் எழுந்து வந்து, உதவி வேண்டுமா, யாராவது உங்களை ஏதும் செய்தார்களா என்று மெல்லக் கேட்டார். அன்ரிக்குப் பாதிதான் விளங்கியது. "தக், தக்" என்று நன்றி சொல்லிவிட்டு, "என்னவாம்?" என்றார் என்னிடம். உங்களை யாரும் அடித்தார்களா என்று கேட்கிறார் என்றேன். "இல்லை, நானேதான் எண்டு சொல்லு," என்றார். நான் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் தாய் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். புதன்கிழமை பார்த்த அன்ரியின் தெளிந்த முகம் அவருக்கு நினைவிருக்குமே. அன்ரி கைப்பையிலிருந்து பாதி துருவிய தேசிக்காய் ஒன்றை எடுத்து அந்தத் தாயின் கையில் வைத்தார்.

"பொய்யெண்டா நீங்களும் கொஞ்சம் பூசிப் பாக்கலாம்," என்றார்.

"உங்களுக்கென்ன விசரோ, அக்கா?" மாப்பிள்ளையின் தாய் கதவை அகலத் திறந்தார். "ஆரேன் இப்பிடிச் செய்வினமோ? உள்ளுக்கு வாங்கோ. வெளிச்சத்தில நிக்காதேங்கோ."

"உள்ளுக்கு வாறன். முதல் சொல்லுங்கோ. பிள்ளைக்குத் தோல் வருத்தமோ?"

அவர் தேசிக்காயைப் பார்த்தார், அன்ரியின் முகத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"இல்லை," என்றார்.

கல்யாணம் சொன்ன நாளில் நடந்தது. தங்கச்சியின் கொப்புளங்கள் அதற்குள் வற்றி, விரல்விரலான மண்நிறக் கபிலக் கோடுகளாக நின்றன. அலங்காரம் செய்ய வந்த பெண் அதை முழுவதும் மூடப் பார்த்தாள். தங்கச்சி எரிகிறது என்று சொல்லிப் பாதியில் நிறுத்திவிட்டாள். அன்ரி மண்டபத்துக்கு வரவில்லை. தங்கச்சியும் அவரைக் கேட்கவில்லை. அவளுக்குக் கோபம், நியாயமான கோபம். "அவ முதல் நாளே சொல்லியிருந்தா அவவும் வெந்திருக்கத் தேவையில்லை, நானும் இவ்வளவு கேட்டிருக்கத் தேவையில்லை" என்று பிறகு ஒருமுறை சொன்னாள்.

அடுத்த வருடத்துக்குள் தங்கச்சியின் முகம் தெளிந்துவிட்டது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். அன்ரியின் முகம் தெளியவில்லை. டொக்டர் கொடுத்த கிரீமை அவர் தொடவேயில்லை. ஊரிலுள்ளவர்களின் முகத்துக்கெல்லாம் பூசிய மனிசி தன் முகத்தில் அதற்குப்பிறகு எதையும் பூசவில்லை.

அவருடைய பயம் பாதி பலித்தது. தேசிக்காய்த் தோலின் கதை ஊருக்கெல்லாம் தெரிந்தபிறகு கதவுக்கு முன்னால் சப்பாத்துகள் குறைந்தன. முழுதாக நிற்கவில்லை. வருகிறவர்களுக்கு இப்போது எல்லாவற்றையும் சொன்னார். கேட்காததையும் சொன்னார். பிள்ளைகள் மாதிரிச் சட்டிக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்து, "இந்தா, இதுதான் கடைசி, பாத்துக்கொள்" என்று காட்டிப் போட்டார்.

அவர் சாகிறதுக்கு முந்தின கோடையில், தங்கச்சி தன் மகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள். நானும் போனேன். குழந்தைக்கு மடிப்புகளில் சிவந்து சொறிந்துகொண்டிருந்தது. மாமியார்தான் அனுப்பினாராம், எல்லிங்ஸ்ருட் அக்காவிடம் காட்டு என்று. அன்ரி குழந்தையை வாங்கவில்லை. முதலில் தங்கச்சியைத் தனக்கு முன்னால் இருத்தி, திரையை விலக்கி, தன் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார்.

"வடிவாப் பார், பிள்ளை. இது நான் செய்தது. இதைப் பாத்தாப்பிறகும் உன்ர குழந்தையை என்ர கையில தருவியோ?"

தங்கச்சி பார்த்தாள். நெற்றியிலும் கன்னத்திலும் இருந்த அந்தக் கபில நிறத்தை அவள் முதல்முறையாகக் கிட்ட இருந்து பார்த்தாள் என்று நினைக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குழந்தையை நீட்டினாள்.

"சொல்லிச் சொல்லிப் பூசுங்கோ, அன்ரி," என்றாள்.